முடிந்த வீடியோவில் புதிய காட்சி சேர்ப்பது எப்படி?

(ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், சாந்திபுரம்)

நம் சங்கத்தின் பொங்கல் விழாக்களில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார். "சார், பையன் கல்யாண வீடியோவை நானே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி முடித்துவிட்டேன். இப்போது தம்பி வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் காட்சி வந்திருக்கிறது. அதை நடுவில் சேர்க்கப் போனால் எல்லாம் குழம்பிப் போகிறது. என்ன செய்வது?"

கேள்வி சிறியதுதான். ஆனால் நின்றபடியே பதில் சொல்லி முடிக்க இயலாது. அதனால் எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன். நான் கணினிப் படிப்பு படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன். பி.டபிள்யூ.ஐ. என்று அந்நாளில் சொல்வார்கள். ஓய்வு பெற்று சாந்திபுரத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகுதான், பெங்களூரில் பொறியியல் படிக்கும் பேரன் துணையோடு வீடியோ தொகுப்பைக் கற்றேன். ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் குடும்பப் படம்

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, நம் சாந்திபுரம், ராமகுப்பம், குப்பம் பகுதிகளில் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. எங்கள் குடும்பம் அந்த ஆற்றுக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலே வந்தது. அந்தக் கதையைப் பெரியவர்கள் இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும் என்று 2023-இல் ஆரம்பித்தேன். பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும். எழுதி வைத்தால் படிக்கமாட்டார்கள், பேசி வைத்தால் கேட்பார்கள் என்று நினைத்தேன். என் அக்கா, பெரியப்பா மகன்கள், சித்தி என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லி, ஆறு மணி நேரப் பதிவை 42 நிமிடப் படமாக்கி, 2024 பொங்கலன்று உறவினர்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

அடுத்த மாதமே வாணியம்பாடியிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் பேசினான். "மாமா, பரண்மேல ஒரு கேசட்டு கெடைச்சுது. அக்கா கல்யாண வீடியோ, தொண்ணூத்தி நாலு. ஆயா பேசுது மாமா அதுல!"

ஆயா என்றால் என் தாயார். 1998-இல் காலமானார். அவருடைய புகைப்படங்கள் மூன்று இருக்கின்றன. குரல் எங்கள் யாரிடமும் இல்லை. அந்தக் கேசட்டில் அவர் பேசுவது 50 விநாடி. அந்த 50 விநாடியை முடிந்துபோன 42 நிமிடப் படத்துக்குள் சேர்க்க வேண்டும்.

ஏ.கே. செட்டியார் செய்த வேலை

தமிழர்களுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. கோட்டையூரில் பிறந்தவரும் 'குமரி மலர்' இதழை நடத்தியவருமான ஏ.கே. செட்டியாரை (1911-1983) நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1937-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் வரும்போது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. காந்தியடிகள் பல நாடுகளில், பல ஆண்டுகளில், பல பேரால் படம் பிடிக்கப்பட்டவர். செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து அந்தச் சுருள்களைத் தேடிச் சேகரித்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதிலிருந்து தொகுத்த 12,000 அடிப் படம் 1940-இல் தமிழில் வெளியாயிற்று. பிறகு தெலுங்கு விளக்கவுரையுடனும் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசும் படத்தின் 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்; 12,000 அடி என்பது இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே படத்தில் இடம் பெற்றது.

கதை அதோடு முடியவில்லை. 1953-இல் அமெரிக்காவில் அந்தப் படத்தின் ஆங்கில வடிவம் வெளியாயிற்று. 1940-க்குப் பிறகு நாடு விடுதலை அடைந்தது, காந்தியடிகள் மறைந்தார். பழைய படத்தை அப்படியே மொழி மாற்றினால் போதாது. புதிய காட்சிகள் சேர வேண்டும், பழையவற்றில் சில போக வேண்டும், விளக்கவுரையும் மாற வேண்டும். முடிந்த படத்தில் புதுக் காட்சி சேர்க்கும் வேலை என்பது இதுதான். செட்டியார் இந்தப் படத்துக்காக அலைந்த அனுபவங்கள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக வந்திருக்கின்றன. கிடைத்தால் படியுங்கள்.

ஃபிலிம், டேப், கணினி

ஃபிலிம் காலத்தில் சுருளை வெட்டி, புதுத் துண்டை வைத்து, இரு முனையிலும் ஒட்டுவார்கள். ஒலி வேறொரு சுருளில் இருக்கும். படச் சுருளில் ஓர் அடி சேர்த்தால் ஒலிச் சுருளிலும் சரியாக ஓர் அடி சேர்க்க வேண்டும். மறந்தால், அங்கிருந்து கடைசி வரை உதடும் குரலும் ஒட்டாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி வந்த பின்பும் அது மாறவில்லை.

பிறகு வீடியோ டேப் வந்தது. டேப்பை வெட்டி ஒட்டமாட்டார்கள். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்துகொண்டே போவார்கள். 18-ஆம் நிமிடத்தில் புதிதாக ஏதேனும் நுழைக்க வேண்டுமானால், அங்கிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். ஒவ்வொரு மறுபதிவிலும் படம் கொஞ்சம் மங்கும். 1980, 90-களில் கல்யாண வீடியோக்காரரிடம் "நடுவில் இதைச் சேர்த்துக் கொடுங்கள்" என்றால் முகம் சுளித்ததற்குக் காரணம் இதுதான்.

1989-இல் அமெரிக்காவில் ஆவிட் என்ற கணினித் தொகுப்பு முறை சந்தைக்கு வந்தது. நம் பக்கம் 1994-இல் வெளியான 'மகாநதி' இந்த முறையைப் பயன்படுத்திய முன்னோடிப் படங்களில் ஒன்று. இன்று அதே வசதி நம் வீட்டு மேசையில் இருக்கிறது. கேடன்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் ஆகியவை முழுக்க இலவசம். டாவின்சி ரிசால்வ் என்பதற்கும் ஓர் இலவசப் பதிப்பு உண்டு. நான் பயன்படுத்துவது கேடன்லைவ். ஆனால் இங்கே சொல்லும் முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

திட்டக் கோப்பில் படம் இல்லை!

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சேமிக்கும் திட்டக் கோப்பில், அதாவது 'ப்ராஜெக்ட் ஃபைல்' என்பதில், வீடியோ கிடையாது. "இந்த வட்டில், இந்தக் கோப்புறையில் உள்ள இந்த க்ளிப்பின் 3-ஆம் நிமிடம் முதல் 4-ஆம் நிமிடம் வரை எடுத்து, 18-ஆம் நிமிடத்தில் வை" என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. ரயில்வேயில் எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி என்று ஒரு தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளில் பெட்டி இருக்காது. பெட்டி யார்டில் நிற்கும்.

இதனால் ஒரு நன்மை, ஒரு தீமை. நன்மை என்னவென்றால், எவ்வளவு வெட்டினாலும் மூலப் பதிவுக்குச் சேதமில்லை. தீமை என்னவென்றால், மூலப் பதிவை வேறு இடத்துக்கு மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ மென்பொருள் அதைத் தேடித் தவிக்கும். ஆகவே படத்துக்கென ஒரே கோப்புறை வைத்து, எல்லாவற்றையும் அதனுள் போடுங்கள். புதிதாக வந்த காட்சியைப் பென் டிரைவிலிருந்தே நேராக இழுத்துப் போடாதீர்கள். பென் டிரைவைக் கழற்றியதும் காட்சி காணாமல் போகும். முதலில் கோப்புறைக்குள் நகல் எடுத்து, பிறகு மென்பொருளுக்குள் கொண்டு வாருங்கள்.

இடம் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதியும் செல்போன் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. பிடிக்கும். எங்கள் ஆறு மணி நேரம் ஏறக்குறைய 47 ஜி.பி. வந்தது. அதை இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறேன். ஒன்று என் வீட்டில், மற்றொன்று மகள் வீட்டில்.

அடுத்து, புதுக் காட்சியைத் தொடுமுன் திட்டக் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். 'குடும்பம் 1' இருந்தால் 'குடும்பம் 2' என்று. பழையதைத் தொடவே கூடாது. இதை நான் செய்யவில்லை. விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

கேஜ் ஒத்துப்போகிறதா?

பாகாலா பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். மீட்டர் கேஜ் 1000 மி.மீ., பிராட் கேஜ் 1676 மி.மீ. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. பாதை மாறுமிடத்தில் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும். பழைய காட்சியும் புதிய காட்சியும் சேரும் இடத்திலும் இதே சங்கடம் உண்டு. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, சட்டத்தின் வடிவம். இன்றைய வீடியோ 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட அகலச் சட்டம். பழைய வி.எச்.எஸ். கேசட்டோ நான்குக்கு மூன்று என்ற விகிதம். உயரத்தை 1080 ஆக்கினால் அகலம் 1440 வரும். மீதி 480 புள்ளிகளைப் பக்கத்துக்கு 240 ஆகக் கறுப்பாக விட்டுவிடுவதே சரி. எங்கள் கேசட்டை மாற்றித் தந்த கடையில் கறுப்புப் பட்டை அழகாயில்லை என்று படத்தை இழுத்து அகலமாக்கிவிட்டார்கள். ஒல்லியான என் தாயார் வேறு யாரோபோலத் தெரிந்தார். திருப்பிக் கொடுத்து, இழுக்காமல் வாங்கி வந்தேன். நீங்களும் கொடுக்கும்போதே "விகிதத்தை மாற்றாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ஃபிரேம் வேகம். நம் நாட்டு வி.எச்.எஸ். நொடிக்கு 25 ஃபிரேம். என் செல்போன் பதிவும் படத்தின் திட்டமும் 30. என் தாயாரின் 50 விநாடியில் 1250 ஃபிரேம்கள். 30 வேகத்தில் 1500 வேண்டும். மென்பொருள் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டிச் சரிக்கட்டிக்கொள்ளும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய தயக்கம் தெரியும், வேகம் மாறாது. ஆனால் ஒன்று: புதுக் காட்சிக்காகத் திட்டத்தின் வேகத்தை நடுவில் மாற்றாதீர்கள். முன்பு செய்த வெட்டுகள் இடம் பிசகும். வந்தவர்தான் வீட்டு முறைக்கு ஒத்துப்போக வேண்டும்.

பழைய மௌனப் படங்களில் மனிதர்கள் தடதடவென நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவான வேகத்தில் எடுத்ததை நொடிக்கு 24 என்ற வேகத்தில் ஓட்டுவதால் வரும் கோளாறு அது. கேஜ் மாற்றாமல் வண்டியை விட்டதன் பலன்.

செல்போன் பதிவுகளில் இன்னொரு குறும்பு உண்டு. சில போன்கள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். நீளமான காட்சியில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கேடன்லைவும் ஷாட்கட்டும் இத்தகைய கோப்பைக் கண்டால், தொகுப்புக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். "சரி" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ஒலி அளவு. பழையது முணுமுணுப்பாகவும் புதியது இரைச்சலாகவும் இருக்கும். படம் முழுதையும் ஒரே காதணிக் கருவியில் கேட்டுச் சமப்படுத்துங்கள்.

சேர்ப்பதற்கு நான்கு வழிகள்

இனி முக்கியமான கட்டம். காட்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் இடம் டைம்லைன். அதில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி ட்ராக்குகள் இருக்கும். புதியதைச் சேர்க்க நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, கடைசியில் சேர்த்தல். ரயிலின் வாலில் ஒரு பெட்டி மாட்டுவதுபோல. முன்னால் எதுவும் அசையாது. ஆபத்தே இல்லாத வழி.

இரண்டு, நடுவில் நுழைத்தல். 'இன்சர்ட்' என்பது இது. நடுவே ஒரு பெட்டியைச் சேர்த்தால் பின்னுள்ள பெட்டிகள் அத்தனையும் ஒரு பெட்டி நீளம் பின்தள்ளும். 50 விநாடி நுழைத்தால் 42 நிமிடப் படம் 42 நிமிடம் 50 விநாடி ஆகும்.

மூன்று, மேலெழுதுதல். 'ஓவர்ரைட்'. ஒரு ஸ்லீப்பர் கட்டையைப் பெயர்த்து அதே இடத்தில் வேறு கட்டை போடுவது. பாதையின் நீளம் மாறாது. ஆனால் அங்கே முன்பிருந்தது போய்விடும்.

நான்கு, மேலே போர்த்துதல். புதுக் காட்சியை மேலுள்ள ட்ராக்கில் வைப்பது. கீழே பேசுபவரின் குரல் தொடரும்; கண்ணுக்கு மட்டும் புதுக் காட்சி தெரியும். அக்கா பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது வீட்டின் படம் தோன்ற வேண்டுமானால் இதுவே தக்க வழி. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், அடியில் எதுவும் கெட்டிருக்காது.

கேடன்லைவிலும் ஷாட்கட்டிலும் நுழைக்க 'வி' எழுத்தையும், மேலெழுத 'பி' எழுத்தையும் அழுத்தினால் போதும். டாவின்சி ரிசால்வில் நுழைக்க எஃப் 9, மேலெழுத எஃப் 10, மேலே போர்த்த எஃப் 12.

எது வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "புதுக் காட்சிக்குச் சொந்தக் குரல் தேவையா?" தேவையில்லை என்றால் போர்த்துங்கள். தேவை என்றால் நுழையுங்கள். பழையதைவிடப் புதியது தெளிவாக இருந்து, பழையது வேண்டாம் என்றால் மட்டும் மேலெழுதுங்கள்.

நான் செய்த தவறு

என் தாயார் பேசுவதைக் கேட்க வேண்டும். ஆகவே நுழைக்கத்தான் வேண்டும். படத்தின் 18-ஆம் நிமிடம் 20-ஆம் விநாடியில் நின்று, நுழைத்தேன். நுழைந்தது. என் தாயார் திரையில் வந்ததும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. சேமித்து, கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முழுப்படத்தையும் ஓட்டினேன். 18-ஆம் நிமிடம் வரை சரி. அதற்குப் பிறகு அக்கா வாய் அசைக்க, பெரியப்பா மகனின் குரல் வருகிறது! சித்தி சிரிக்கும் இடத்தில் யாரோ சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். என்ன நடந்தது? பேட்டிகளின் ஒலியை நான் தனி ரெக்கார்டரில் பதிந்து தனி ட்ராக்கில் வைத்திருந்தேன். நுழைத்தபோது படத்தின் ட்ராக் மட்டும் 50 விநாடி நகர்ந்தது, ஒலி ட்ராக் அங்கேயே நின்றது. ஃபிலிம் காலத்து விதியை நான் மீறியிருக்கிறேன். 'அன்டூ' செய்யலாம் என்றால், கணினியை அணைத்ததோடு அதுவும் போயிற்று. பழைய பெயரிலேயே சேமித்ததால் பழைய கோப்பும் இல்லை.

பேரனுக்குப் போன் செய்தேன். "பதறாதீங்க தாத்தா. ஃபைல் மெனுவுல 'ஓப்பன் பேக்கப் ஃபைல்'னு இருக்கும், பாருங்க" என்றான். கேடன்லைவ் நமக்குத் தெரியாமலே அவ்வப்போது நகல் எடுத்து வைக்கிறது. தேதி வாரியாகப் பட்டியல் வந்தது. இரண்டு நாள் பழைய நகல் ஒன்று சரியாக இருந்தது. விஜயவாடா மருமகளுக்காக இரண்டு இரவு உட்கார்ந்து சேர்த்த தெலுங்கு எழுத்துத் திருத்தங்கள் போயின. படம் பிழைத்தது.

பிறகு சரியாகச் செய்தேன். அந்த முறையை வரிசையாகத் தருகிறேன். ரயில் பாதையில் வேலை செய்யுமுன் 'லைன் பிளாக்' வாங்குவோம். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வண்டி வராது என்று உறுதி பெற்ற பிறகுதான் தண்டவாளத்தில் கை வைப்போம். இதுவும் அதே முறைதான்.

முதலில் திட்டத்தைப் புதுப் பெயரில் சேமிக்கவும். சேர்க்க வேண்டிய இடத்தில் நின்று, எல்லா ட்ராக்குகளையும் அந்த ஒரே புள்ளியில் வெட்டவும். பூட்டி வைத்த ட்ராக் ஏதேனும் இருந்தால் திறந்துவிடவும், பூட்டியது நகராது. அடுத்து எல்லா ட்ராக்குகளிலும் ஒரே நேரத்தில் வெற்றிடம் உண்டாக்கவும். கேடன்லைவில் "எல்லா ட்ராக்கிலும் இடம் நுழை" என்று பொருள்படும் கட்டளை உண்டு. ஷாட்கட்டில் 'ரிப்பிள் ஆல் ட்ராக்ஸ்' என்பதை இயக்கிக்கொண்டு நுழைத்தால் எல்லாம் சேர்ந்து நகரும். வெற்றிடம் கிடைத்ததும் அதில் புதுக் காட்சியை வைக்கவும். கடைசியாக மூன்று இடங்களைச் சோதிக்கவும்: சேர்த்த இடத்துக்கு அடுத்த பேச்சு, படத்தின் நடுவில் ஒரு பேச்சு, படத்தின் கடைசிப் பேச்சு. மூன்றிலும் உதடும் குரலும் ஒத்தால் பாதை சரி.

பின்னணி இசை அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் வெட்டுப்படும். வெட்டிய முனையை மெதுவாக அடங்கச் செய்து, அப்பால் மெதுவாக எழச் செய்யுங்கள். அடியெழுத்துகள் தனிக் கோப்பாக இருந்தால், சேர்த்த இடத்துக்குப் பின்னுள்ள ஒவ்வொன்றின் நேரத்தையும் அதே விநாடி அளவு தள்ள வேண்டும்.

எங்கே வைப்பது?

இதுவரை சொன்னது கைவேலை. யோசனை வேண்டிய இடம் இனிமேல்தான்.

படத்தின் 18-ஆம் நிமிடத்தில் என் அக்கா சொல்லுகிறார்: "அம்மா மொகம் போட்டோவுல இருக்குது. கொரலுதான் மறந்துபோச்சு. எப்பிடிப் பேசுவாங்கன்னு நெனைச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது."

இப்போது குரல் கிடைத்துவிட்டது. அப்படியானால் அக்கா சொன்னதை என்ன செய்வது? பேரன், "அதை வெட்டிடலாம் தாத்தா, இப்ப அது பொருந்தாதே" என்றான். மருமகன், "கடைசியில் தனியாகப் போடுங்கள் மாமா, பழைய படம் அப்படியே இருக்கட்டும்" என்றார். இரண்டும் நியாயமாகவே பட்டன. இரண்டு நாள் யோசித்தேன்.

அக்கா அன்று சொன்னது பொய் அல்ல. அன்று அதுதான் உண்மை. புதுக் காட்சி கிடைத்தது என்பதற்காகப் பழைய உண்மையை அழித்தால், கேசட் கிடைத்ததற்கு என்ன மதிப்பு? அதனால் அக்காவின் பேச்சை வெட்டவில்லை. அவர் பேசி முடித்ததும் இரண்டு விநாடி மௌனம். பிறகு தாயாரின் 50 விநாடி. கீழே ஒரு வரி: "வாணியம்பாடி, 1994. இப்பதிவு கிடைத்தது 2024." ஆக 52 விநாடி வெற்றிடம் எடுத்தேன். பொங்கலன்று காட்டிய முதல் வடிவத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பிற்காலத்தில் சேர்த்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். குடும்பப் படமானாலும் நாட்டின் படமானாலும் இது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

அக்கா பார்த்தார்

2024 சித்திரையில் அக்கா சாந்திபுரம் வந்திருந்தார். என்ன சேர்த்திருக்கிறேன் என்று சொல்லாமல் படத்தைப் போட்டேன். தன் பேச்சு வந்ததும், "இதான் பாத்தனே" என்று எழுந்திருக்கப் போனார்.

கல்யாணப் பந்தல். இலைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் தாயார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவைக் கவனிக்காமல் யாரையோ தேடுகிறார். சின்னப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள், அதட்டுகிறார். பிறகு குரலை உயர்த்தி, "ஏ பெரியவளே! பந்தி முடிஞ்சுதா? சமையக்காரங்க சாப்ட்டாங்களா, பாரு! பாவம், காலைலேந்து நிக்கறாங்க" என்கிறார். அவ்வளவுதான்.

பெரியவள் என்றது அக்காவை. அக்கா உட்கார்ந்துவிட்டார். படம் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "சாப்ட்டாங்கடா தம்பி. நான்தான் பரிமாறினேன்" என்றார்.

வாசக அன்பர்களுக்கு

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருக்கலாம். காந்த டேப் காலத்தால் கெடும். நம் பக்கத்து மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைப் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் ஓடும்வரைதான் வாய்ப்பு. முதலில் கேசட்டைக் கணினிக்கு மாற்றி இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். தொகுப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

முடித்துவிட்டோம் என்று நினைத்த படத்துக்கும் நாளை ஒரு துண்டு வரக்கூடும். ஆகவே படத்தை முடித்தாலும் திட்டக் கோப்பையும் மூலப் பதிவுகளையும் அழிக்காதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு மடிக்கணினியோடு வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைப் பேரனிடம் கேட்டுச் சொல்கிறேன்.